கொடிமலையில் ‘தி ஹேபிடாட்’: கட்டணம் கொடுத்து நுழைந்த காடு

பினாங்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொடிமலை (பினாங்கு ஹில்) என்றால் ரயில், குளிர்காற்று, உச்சியிலிருந்து பார்க்கும் பட்டணம், இறங்கிய பிறகு ஆயர் ஈத்தாமில் ஒரு கிண்ணம் லக்சா நூடுல்ஸ், அவ்வளவுதான். நானும் நாற்பது ஆண்டுகளாக அந்த மலையை அப்படித்தான் பார்த்து வந்தேன். சென்ற பள்ளி விடுமுறையில் எழுபது வயதான என் அம்மாவையும் பதினொரு வயது மகனையும் அழைத்துக்கொண்டு, மலையுச்சியில் இருக்கும் ‘தி ஹேபிடாட்’ என்னும் காட்டுப் பூங்காவில் அரை நாள் செலவிட்டேன். ரயிலுக்குக் கொடுத்தது போதாதென்று காட்டைப் பார்க்கவும் தனியாகக் காசு கொடுப்பதா என்று தயங்குகிறவர்கள் நம்மில் அதிகம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுத்த பணத்துக்கு அது முழுக்கத் தகுதியான இடம். அதைவிட முக்கியமாக, ஒரு காட்டை மக்களுக்குத் திறந்துவிட்டுக்கொண்டே காப்பாற்றவும் முடியும் என்பதற்கு நம் ஊரில் கண்ணெதிரே இருக்கும் சான்றும் அதுதான்.

இந்தத் தீர்மானத்துக்கு நான் வந்ததற்குப் பழைய அனுபவம் ஒன்றும் காரணம். சில ஆண்டுகளுக்கு முன், கோலாலம்பூரிலிருந்து வந்த உறவினர்களுக்காக ஒரு பயண முகவரிடம் வேன் பேசி, தீவின் காட்டுப் பகுதிகளைச் சுற்றிப் பார்க்கும் ஒரு நாள் பயணத்தில் சேர்ந்திருந்தோம். எங்களை அழைத்துச் சென்றவர் வண்டியை நிறுத்திய இடத்திலெல்லாம் பையிலிருந்து ரொட்டித் துண்டுகளை எடுத்து நீள்வால் குரங்குகளுக்கு வீசினார். அவை கூட்டமாக வந்து சூழ்ந்ததும் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். என் அண்ணன் மகளின் கைப்பையை ஒரு குரங்கு பறிக்க வந்ததில் அவள் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அந்த மரம் என்ன, இந்தப் பறவை என்ன என்று கேட்டால் அவருக்கு ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. அன்று முழுவதும் காட்டின் ஓரத்தில்தான் இருந்தோம், காட்டைப் பார்க்கவில்லை. வழிகாட்டி என்று ஒருவர் இருந்தும் வழி காட்டப்படாத அந்த நாளின் எரிச்சல், இந்த முறை ஹேபிடாட்டின் வாசலை அடையும்வரை என் மனத்தில் இருந்தது.

2016இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்கா தனியார் நடத்துவது. ரயிலின் மேல் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் நுழைவாயில் வந்துவிடும். பாதுகாக்கப்பட்ட மழைக்காட்டின் விளிம்பை ஒட்டி 1.6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை செல்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் மலைச்சரிவை ஒட்டி வெட்டப்பட்ட பழைய பாதை இது என்று வழிகாட்டி சொன்னார். அதை நம்புவது எளிதாகவே இருந்தது. பாதை ஏறாமலும் இறங்காமலும் மலையின் இடுப்பைச் சுற்றிய கயிறு போலப் பெரும்பாலும் சமமாகவே போகிறது. ஆகவே மூட்டு வலியுள்ள என் அம்மாவாலும் கைத்தடி இல்லாமல் நடக்க முடிந்தது. வழிகாட்டியாக வந்தவர் ஒரு மலாய் இளைஞர். எங்களோடு சில வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகளும் இருந்ததால் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியவர், அம்மா கவனமாகக் கேட்பதைக் கண்டதும், “மாக்சிக் (அம்மா), மெதுவாக நடங்கள், காடு எங்கும் ஓடிவிடாது” என்று மலாயில் சொல்லி, அதன் பிறகு ஒவ்வொன்றையும் இரண்டு மொழிகளிலும் விளக்கினார்.

நடக்கத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு பெரிய மரத்தின் முன் அவர் நின்று, அதில் ஒரு விலங்கு இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்றார். நாங்கள் எட்டுப் பேரும் அண்ணாந்து கிளை கிளையாகத் தேடினோம். விலங்கோ எங்கள் தலைக்குச் சற்று மேலே அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சாம்பலும் பச்சையும் வெள்ளையுமாகப் பாசி படர்ந்த மரப்பட்டையின் நிறம் அப்படியே அதன் உடலில் இருந்தது. அது கண் விழித்துத் தலையைச் சற்றே திருப்பிய பிறகுதான் பட்டை எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தது. மலாயில் ‘குபோங்’ என்பார்கள். பறக்கும் லெமூர் என்ற பெயரும் அதற்கு உண்டு, ஆனால் அது லெமூர் இனமும் அன்று, அதற்குப் பறக்கவும் தெரியாது. கழுத்திலிருந்து விரல் நுனிகள் வரைக்கும், அங்கிருந்து வால் நுனி வரைக்கும் விரியும் தோலை ஒரு பாய் போலப் பிடித்துக்கொண்டு, மரத்துக்கு மரம் நூறு மீட்டருக்கும் மேல் காற்றில் சறுக்கிச் செல்லும். அந்தத் தோல் மடிப்புக்குள் ஏதோ அசைந்தது. குட்டியின் முகம் ஒரு கணம் வெளியே தெரிந்து மறைந்தது. யாரும் பேசவில்லை. “தோட்டத்தில் மரம் வெட்டப் போன காலத்தில் இதையெல்லாம் பார்க்காமலேயே எத்தனை மரத்தைச் சாய்த்தார்களோ” என்று அம்மா மட்டும் என் காதருகில் சொன்னார். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர்; காடு அழிந்து தோட்டமானதன் கடைசிக் கட்டத்தைச் சிறுமியாகக் கண்ணால் கண்டவர்.

வழிகாட்டி அந்த விலங்கைத் தொடவோ, மரத்தைத் தட்டி அதை அசைய வைக்கவோ முயலவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒளிவிளக்கோடு படம் எடுக்கப் போன ஒருவரைப் பணிவாகத் தடுத்தார். மூன்று நிமிடம் நின்றோம், பிறகு நகரச் சொன்னார். காட்டு மேலாண்மை என்ற பெரிய சொல் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்டால் அந்த மூன்று நிமிடத்தைத்தான் நான் காட்டுவேன்.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லோத்தோங் குரங்குகளைப் பாதையின் பிற்பகுதியில் கண்டோம். பெரியவை கருஞ்சாம்பல் நிறம். தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டிருந்த குட்டி மட்டும் பழுத்த ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருந்தது. பிறந்து சில மாதங்கள்தான் இந்த நிறம் இருக்குமாம். இவை இலை தின்னும் இனம். பல அறைகளாகப் பிரிந்த வயிற்றில் இலையை நொதிக்கவைத்துச் செரிக்கின்றன. அந்த வயிற்றுக்கு ரொட்டியும் சர்க்கரையும் கேடு. முன்பு எங்களை அழைத்துச் சென்ற மனிதர் வீசிய ரொட்டி என் நினைவுக்கு வந்தது. கையால் உணவு பெற்றுப் பழகிய நீள்வால் குரங்கு பிறகு பையைப் பறிக்கிறது, பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது, கடைசியில் தொல்லை தரும் விலங்கு என்று முத்திரை குத்தப்பட்டுப் பிடிக்கப்படுகிறது. தொடக்கம் மனிதனின் ரொட்டியில்தான் இருக்கிறது. தாவரவியல் பூங்காவுக்குக் காலை நடைக்குப் போகிறவர்களில் இன்னும் சிலர் வாழைப்பழச் சீப்போடு வருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. அது புண்ணியம் என்று அவர்கள் மனமார நம்புகிறார்கள்.

குரங்குகளுக்குச் செய்ய வேண்டிய உதவி எது என்பதற்கு வேறோர் எடுத்துக்காட்டு இதே தீவில் உண்டு. தெலுக் பகாங்கில் சாலையைக் கடக்கும் லோத்தோங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, ‘லங்கூர் புரொஜெக்ட் பினாங்கு’ என்ற குழுவினர் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு 2019இல் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். இந்தச் செய்தியைச் சொன்னதும் என் மகன் அதையும் பார்த்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அடுத்த வாரம் போய்ப் பார்த்தோம்; அது தனிக் கதை.

ஹேபிடாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது ‘லங்கூர் வே’ என்னும் தொங்கு நடைபாலத்தைப் பற்றித்தான். நீளம் 230 மீட்டர். மிக உயர்ந்த இடத்தில் தரை 40 மீட்டர் கீழே இருக்கிறது. அம்மா முதல் பத்தடியிலேயே நின்றுவிட்டார். பாலம் காலடிக்கு ஏற்ப மெல்ல நடுங்குகிறது, அச்சம் இயல்புதான். ஆனால் நடுவில் போய் நின்றபோது, கீழிருந்து அடிமரமாக மட்டுமே தெரிந்த மரங்களின் உச்சி நம் பாதத்துக்குக் கீழே விரிகிறது. காட்டின் பூவும் கனியும் பறவையும் பெரும்பகுதி அந்த உயரத்தில்தான் இருக்கின்றன என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கும் அங்கே நின்று காண்பதற்கும் தொலைவு அதிகம். பாலத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தால் மழைக்காட்டின் மண் இறுகிப்போய் நீரை உறிஞ்சாது, விதையும் முளைக்காது. மனிதர்கள் மேலே நடந்தால் கீழே மண் தன் போக்கில் கிடக்கும். இராட்சத ஊஞ்சல்களும் பூங்காவில் இருக்கின்றன. மகனுக்கு அவை பிடித்தன. எனக்கு அவை இல்லாவிட்டாலும் குறையில்லை.

‘கர்ட்டிஸ் கிரெஸ்ட்’ என்ற வட்ட வடிவ மேடைப்பாதையில் ஏறினால் நாற்புறமும் தெரிகிறது. 1884இல் நம் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்று அதை உருவாக்கிய சார்லஸ் கர்ட்டிஸின் பெயரைத்தான் இந்த இடத்துக்கு வைத்திருக்கிறார்கள். மலைமுகடுகளில் சாம்பல் பூத்த தலையோடு நிற்கும் செராயா மரத்துக்கும் தாவரவியலில் அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. எங்கள் நல்ல நேரம், மேகம் விலகியிருந்தது. ஒரு பக்கம் பட்டணமும் கடலைக் கடக்கும் பினாங்குப் பாலமும் தெரிய, வடக்கே நீரிணைக்கு அப்பால் கெடாவின் ஜெராய் மலை நீலமாக நின்றது. தமிழர் யாரும் அந்த மலையைச் சும்மா பார்த்துவிட்டு நகர முடியாது. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. இராசேந்திர சோழனின் கல்வெட்டு சொல்லும் கடாரம் அது. அங்கே 2013இல் சண்டி 11 என்று எண்ணிடப்பட்டிருந்த பழம்பெரும் கோயிலின் அடித்தளத்தை நில மேம்பாட்டுக்காக இயந்திரத்தால் இடித்துத் தள்ளினார்கள். எல்லை வகுத்து, சட்டத்தில் ஏற்றி, காவலும் வைக்காத மரபுச் செல்வத்தின் கதி அதுதான். காட்டுக்கும் அதே விதிதான் என்பதை அந்த உயரத்தில் நின்று என் மகனுக்குச் சொன்னேன். இடித்தவர்கள் ஏன் இடித்தார்கள் என்று அவன் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நடை முடிந்ததும் அம்மா கேட்டுக்கொண்டபடி உச்சியில் இருக்கும் முருகன் கோயிலுக்குச் சென்றோம். அருகிலேயே மலையின் பள்ளிவாசலும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய கோயில் அது. 1923இல் ரயில் ஓடத் தொடங்கும்வரை, பட்டணத்து வெப்பம் தாளாத வெள்ளைக்காரர்களை டோலியில் வைத்துத் தோளில் சுமந்து இந்த மலையேறியவர்களில் நம்மவர்களும் உண்டு. சுமை இறக்கிய இடத்தில் அவர்கள் தங்கள் முருகனையும் இருத்திக்கொண்டார்கள். மலையடிவாரத்திலோ தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி, 513 படிகளுக்கு மேலே. அந்தப் பெயரை ஒரு நிமிடம் நிறுத்தி உச்சரித்துப் பாருங்கள். இந்த மலைக்காடு பிடித்துவைத்து விடும் அருவி நீர்தான் ஆரம்ப காலத்தில் ஜார்ஜ் டவுனின் குடிநீர்; இன்றும் அதில் ஒரு பங்கு இந்த மலையிலிருந்து வருகிறது. அதனால்தான் அந்தச் சாலைக்கு ஆங்கிலத்தில் அருவிச் சாலை என்று பெயர், நாம் வைத்த பெயர் தண்ணீர்மலை. தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்துக்கொண்டு அந்தச் சாலையில் நடக்கும் இலட்சக்கணக்கானவர்களுக்கு, பந்தலில் கிடைக்கும் ஒரு குவளை மோருக்குப் பின்னால் இந்தக் காடு நிற்கிறது என்பதைச் சொல்வதற்கு ஒருவர் வேண்டும். இயற்கை நடையையும் இந்தக் கோயில் வரலாற்றையும் ஒன்றாகக் கோத்து, தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குத் தமிழிலேயே ஒரு நடை ஏற்பாடு செய்யப்படுமானால், அதற்குப் பிள்ளைகளை அழைத்துவர நானே முன்னிற்பேன். நம் ஆலய நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் மனம் வைத்தால் இது எட்டாத காரியம் அன்று.

2021 செப்டம்பர் 15ஆம் நாள் யுனெஸ்கோ இந்த மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தாசேக் சினி, குரோக்கர் மலைத்தொடர் ஆகியவற்றுக்கு அடுத்து மலேசியாவில் மூன்றாவது இதுதான். கொடிமலை, தாவரவியல் பூங்கா, தெலுக் பகாங்கில் இருக்கும் தேசியப் பூங்கா, அதை ஒட்டிய கடல் எல்லாம் சேர்த்து 12,481 ஹெக்டேர். இந்த அறிவிப்பைப் பலர் ஒரு விருது என்று நினைக்கிறார்கள். விருதைச் சுவரில் மாட்டிவிடலாம், இது அப்படியன்று. யாரும் கைவைக்கக் கூடாத மையப் பகுதி, அதைச் சூழ்ந்து ஆய்வுக்கும் அளவான சுற்றுலாவுக்கும் இடம் தரும் அரண் பகுதி, அதற்கு வெளியே மக்கள் வாழ்ந்து தொழில் செய்யும் பகுதி என மூன்றாகப் பிரித்து நிர்வகிப்போம் என்று நாம் கொடுத்த வாக்கு அது, பத்தாண்டுக்கு ஒரு முறை மறு ஆய்வுக்கும் உட்பட்டது. மனிதரை வெளியே தள்ளிக் கதவடைப்பது இதன் நோக்கமன்று. மலையின் சிறு விவசாயிகளும் கோயிலும் பள்ளிவாசலும் பழைய பங்களாக்களும் இதற்குள் அடக்கம்.

இங்கேதான் என் கவலை. கொடிமலைக்கு ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். பழைய ரயிலில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறி, அரை மணி நேரம் ஊர்ந்து மேலே போன காலம் அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2011இல் வந்த புதிய ரயில் சில நிமிடங்களில் கொண்டு சேர்த்துவிடுகிறது. இப்போது தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து கேபிள் கார் திட்டமும் சேர்ந்திருக்கிறது. வயதானவர்களுக்கு அது வசதிதான், ரயில் பழுதாகும் நாளில் மாற்று வழியும் வேண்டும்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேலே கொண்டு வருவதற்கு வழி பெருகப் பெருக, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பும் கூடவே வர வேண்டும். கருங்கல் மலை இது, மேல்மண் ஆழமில்லை. 2017 நவம்பரில் ஒரே இரவில் கொட்டித் தீர்த்த மழையில் மலைப்பாதைகளில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது என்பதைப் பினாங்கில் யாரும் மறந்திருக்க முடியாது. 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மலைநிலமாகக் கருதிக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் விதி பினாங்கில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த விதியை விலக்குகளால் ஓட்டை போடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ரயில் நிலையத்தைச் சுற்றிய உச்சிப் பகுதிக்கும் ஹேபிடாட்டின் வாசலுக்கு உள்ளே இருக்கும் காட்டுக்கும் இடையிலான வேறுபாடு எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது. வெளியே ஒலிபெருக்கிப் பாட்டு, ஐஸ்கிரீம் குவளைகள், வரிசை. உள்ளே சில்வண்டுச் சத்தம். தனிக்கட்டணமும், குறுகிய பாதையும், வழிகாட்டியின் கண்டிப்பும் கூட்டத்தை வடிகட்டுகின்றன. காசுள்ளவர்களுக்கு மட்டும் காடா என்ற கேள்வி நியாயமானது. நானும் அதைக் கேட்டுக்கொண்டேன். குடும்பமாகப் போனால் ரயில், பூங்கா இரண்டுக்கும் சேர்த்து வரும் செலவு நடுத்தர வீட்டில் யோசித்துத்தான் எடுக்க வேண்டிய தொகை. ஆனால் இலவசமாகத் திறந்துவிட்ட இடங்களில் குப்பையும் ரொட்டியும் என்ன செய்திருக்கின்றன என்பதையும் பார்த்துவிட்டேன். பள்ளிகளுக்கும் முதியவர்களுக்கும் சலுகையைப் பெருக்கி, மற்றவர்களிடம் கட்டணம் வாங்குவதே நேர்மையான வழி என்பது என் எண்ணம்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். மைகாட் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். குடிமக்களுக்குக் கட்டணம் வேறு. பொது விடுமுறை நாளைத் தவிர்த்து, வாரநாளில் காலை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். விலங்குகளும் அந்நேரத்தில்தான் கண்ணில் படும், மேகமும் பெரும்பாலும் பிற்பகலில்தான் ஏறி வந்து காட்சியை மூடும். வழுக்காத காலணியும் மழைச்சட்டையும் அவசியம். வாசனைத் தைலத்தையும் தின்பண்டத்தையும் பையில் திணிக்காதீர்கள். தனியாகவும் நடக்கலாம், இருந்தாலும் வழிகாட்டியோடு போங்கள். அவர் இல்லாமல் போயிருந்தால் அந்தக் குபோங்கை நாங்கள் மரப்பட்டை என்றே எண்ணிக் கடந்திருப்போம். பாலத்தின் தொடக்கத்திலேயே தயங்கி நின்ற அம்மா, அந்த இளைஞர் கையைப் பிடித்துக்கொண்டு மறுமுனை வரை நடந்துவிட்டார். அடுத்த முறை தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதையில் நடந்தே ஏறலாமா என்று இப்போது அவர்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.